கறிவேப்பிலைப் புழுவும் குழியானையும்: கேள்வி பதில்

பிள்ளைகளை மண், மரம், பூச்சியோடு பழகவிடுவது பற்றி ஆராய்ச்சிகள் என்ன சொல்கின்றன, கேளுங்கள் என்று போன வாரம் எழுதியிருந்தேன். கேள்விகள் குவிந்துவிட்டன. நான் அறிவியல் டீச்சராக இருந்தவள், சனிக்கிழமைகளில் பிள்ளைகளோடு ஏரிக்கரை சுற்றுகிறவள். தெரிந்ததைச் சொல்கிறேன்.

டீச்சர், நாங்கள் வேளச்சேரியில் மூன்றாவது மாடி. காட்டுக்கு எங்கே போவது? தொட்டியில் நாலு செடி வைத்தால் போதுமா?

அமெரிக்க நகரங்களில் வாழும் சுமார் 2,000 பெரியவர்களிடம் நான்சி வெல்ஸும் கிறிஸ்டி லெகீஸும் செய்த ஆய்வு 2006-ல் வந்தது. 11 வயதுக்குள் காடுமேடாகத் திரிந்தவர்களுக்குச் சுற்றுச்சூழல் மீது அக்கறை கூடுதலாக இருந்தது. செடி வளர்த்தவர்களுக்கும் இருந்தது, ஆனால் அந்தத் தொடர்பு கொஞ்சம் பலவீனம். இதை அப்படியே விழுங்கிவிடாதீர்கள். எல்லாம் ஞாபகத்திலிருந்து சொன்னது. இன்றைக்கு மரங்களை நேசிக்கிறவருக்குச் சின்ன வயதில் ஏறிய மரம் கூடுதலாக ஞாபகம் இருக்கும்தானே?

தொட்டி வையுங்கள். ஆனால் தண்ணீர் ஊற்றும் வேலையை மட்டும் பிள்ளையிடம் தராதீர்கள். கறிவேப்பிலைக் கன்று ஒன்று இருந்தால், இலைமேல் பறவை எச்சம் மாதிரி ஏதோ ஒட்டியிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். அது பட்டாம்பூச்சிப் புழு. வளர்ந்ததும் பச்சையாகிவிடும். குச்சியால் லேசாகத் தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து சிவப்பாக ஒரு கவைக்கொம்பை நீட்டும், ஒரு வாடையும் வரும். நாலைந்து தழை போனால் போகட்டும், மருந்து அடிக்காதீர்கள்.

மூன்றாம் வகுப்பு எடுக்கிறேன். மரத்தடியில் பாடம் நடத்தினால் உள்ளே வந்ததும் ஆட்டம் போடுகிறார்கள். தலைமை ஆசிரியர் முறைக்கிறார்.

தலைமை ஆசிரியரிடம் இதைச் சொல்லுங்கள். அமெரிக்க ஆய்வாளர் மிங் குவோவும் குழுவினரும் இதையேதான் சோதித்தார்கள், அதுவும் உங்கள் மாதிரி மூன்றாம் வகுப்பில். ஒவ்வொரு வகுப்பிலும் ஒரே ஆசிரியர், ஒரு பாடத்தை வெளியிலும் இன்னொன்றை உள்ளேயும் 10 வாரம் நடத்தினார். அடுத்து வகுப்பறையில் நடந்த பாடத்தைக் கவனித்தார்கள். வெளியே போய்விட்டு வந்த நாட்களில் ஆசிரியர் அதட்டாமல் தொடர்ந்து பாடம் நடத்த முடிந்த நேரம் ஏறக்குறைய இரண்டு மடங்கு. 2018-ல் வெளியான ஆய்வு. இரண்டே வகுப்புகள்தான், சிறியது. என் வகுப்பிலும் முதல் இரண்டு வாரம் கூத்துதான், அப்புறம் அடங்கினார்கள். மாதம் ஒருமுறை கூட்டிப்போனால் அது சுற்றுலா, ஆடத்தான் செய்வார்கள். வாரா வாரம் போங்கள்.

எனக்கே காக்கா, குருவி தாண்டிப் பெயர் தெரியாது. நான் என்ன சொல்லித் தருவது?

ஒன்றும் சொல்லித்தர வேண்டாம். அமெரிக்காவின் கென்டக்கியிலும் நார்வேயிலும் சுற்றுச்சூழலுக்காக உழைக்கும் 56 பேரிடம், எது உங்களை இந்தப் பக்கம் இழுத்தது என்று ஆய்வாளர் லூயிஸ் சாவ்லா கேட்டார். அதிகம் வந்த பதில்கள் இரண்டு: சின்ன வயதில் திரிந்த இடம், வீட்டுப் பெரியவர் ஒருவர். அந்தப் பெரியவர்கள் பாடம் நடத்தியவர்கள் இல்லை, தாங்களே நின்று ரசித்துப் பார்த்தவர்கள்.

மழை படாத தாழ்வாரத்துப் பொடிமண்ணில் புனல் மாதிரிக் குழிகள் இருக்கும். அடியில் குழியானை என்கிற சின்னப் பூச்சி. ஓர் எறும்பு சறுக்கினால் போதும், கீழேயிருந்து மண்ணை வாரி அடிக்கும். எடுத்து உள்ளங்கையில் விட்டால் பின்பக்கமாகவே நகரும். வளர்ந்து சிறகு முளைக்கும்வரை அது மலம் கழிப்பதே இல்லை என்று சொல்லிப் பாருங்கள், எந்தப் பிள்ளையும் மறக்காது. நீங்களும் மண்டியிட்டுப் பார்க்க வேண்டும், அது முக்கியம்.

ஆறு வயது மகளிடம் பருவநிலை மாற்றத்தைப் பற்றிப் பேசலாமா?

அவளாகக் கேட்டால் சுருக்கமாகச் சொல்லுங்கள். நீங்களாக ஆரம்பிக்காதீர்கள். பிடித்துப்போகும் முன்பே பயந்துபோனால் பிள்ளை விலகிவிடும் என்று அமெரிக்கக் கல்வியாளர் டேவிட் சோபெல் முப்பது வருடமாகச் சொல்லி வருகிறார். எனக்கும் அது சரியென்றே படுகிறது.

வெயிலில் விளையாடினால் கண்ணாடி போட வேண்டியதில்லையாமே?

போட வேண்டி வரும் வாய்ப்பு குறைகிறது, அவ்வளவுதான். சீனாவின் குவாங்சோவில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தினமும் 40 நிமிடம் கூடுதலாக வெளியில் வகுப்பு வைத்தார்கள். மூன்று வருடத்தில் அவர்களில் 30.4 சதவீதம் பேருக்குக் கிட்டப்பார்வை வந்தது. வழக்கம்போல் இருந்தவர்களில் 39.5 சதவீதம். இது ஞாபகத்தை நம்பிய ஆய்வு இல்லை. பள்ளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்துச் செய்தது.

பதினான்கு வயது மகன். கூப்பிட்டால் வரமாட்டேன் என்கிறான். விட்டுவிடவா?

அந்த வயதில் இது சகஜம். ஜெர்மனியில் நான்கு நாள் சுற்றுச்சூழல் முகாம் நடத்திப் பார்த்தபோது, 9, 10 வயதினரிடம் இயற்கையோடு ஏற்பட்ட நெருக்கம் நிலைத்தது. பெரிய பிள்ளைகளிடம் சீக்கிரம் கரைந்துவிட்டது. நடைக்குக் கூப்பிடாதீர்கள், வேலை கொடுங்கள். ஜனவரியில் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு வரும். ஓர் இடத்தில் 15 நிமிடம் நின்று எண்ணி, இ-பேர்டு செயலியில் ஏற்ற வேண்டும். போன் கட்டாயம் வேண்டும் என்று சொல்லிக் கூப்பிடுங்கள், வருகிறானா இல்லையா பாருங்கள்.