விருந்து மண்டபத்தின் வாசலில் வில்மா

கேள்வி: ஒலிம்பிக் ஓட்ட வீராங்கனை வில்மா ருடால்ஃபின் சிலையைச் சொந்த ஊரான கிளார்க்ஸ்வில்லில் ஆற்றங்கரைச் சாலையிலிருந்து பெயர்த்து, விருந்து விழாக்கள் நடக்கும் ஒரு மண்டபத்தின் முன்னால் வைத்துவிட்டார்களாமே, இது அவருக்கு அவமதிப்பு இல்லையா?

பதில்: இல்லை. 1996-இல் நிறுவப்பட்ட அந்த ஆளுயர வெண்கலச் சிலை, 2012-இல் லிபர்ட்டி பூங்காவுக்குச் சென்றது. அங்குள்ள மண்டபத்துக்கும் வில்மாவின் பெயர்தான். அவமதிப்பைத்தான் தேடுகிறீர்கள் என்றால், சிலைக்கு வெகுகாலம் முன்னால் போய்த் தேட வேண்டும்.

டென்னசி மாநிலத்தின் அந்த ஊரில், இளம்பிள்ளை வாதத்தால் இடது கால் வலுவிழந்த கறுப்பினச் சிறுமிக்குத் தக்க சிகிச்சை கிடைக்காததால், தாயார் பிளான்ச் அவரைச் சுமார் 80 கிலோமீட்டர் தொலைவிலுள்ள நாஷ்வில்லுக்கு வாரந்தோறும் பேருந்தில், அதுவும் கறுப்பர்களுக்கென ஒதுக்கிய பின்னிருக்கையில், அழைத்துச் சென்றார். வீட்டில் மூத்தவர்கள் முறைவைத்து நாளுக்குப் பலமுறை காலை நீவிவிட்டார்கள். 22 பிள்ளைகளில் இருபதாவதாகப் பிறந்தவர் என்பதால் கைகளுக்குப் பஞ்சமில்லை! அந்தக் காலோடுதான் 1960 ரோம் ஒலிம்பிக்கில் 100 மீட்டர், 200 மீட்டர், தொடர் ஓட்டம் மூன்றிலும் தங்கம் வென்று, ஒரே ஒலிம்பிக் தடகளத்தில் மூன்று தங்கம் பெற்ற முதல் அமெரிக்கப் பெண்ணானார்.

ஊர் வரவேற்புக்கு ஏற்பாடு செய்தது. வழக்கம்போல வெள்ளையர் தனி, கறுப்பர் தனி. அப்படியானால் வரமாட்டேன் என்று இருபது வயது வில்மா கறாராகச் சொல்லிவிட்டார். வேறு வழியின்றி நிறபேதம் இல்லாமல் நடத்தப்பட்ட அந்த ஊர்வலமும் விருந்துமே, அவ்வூரில் இரு இனத்தாரும் சேர்ந்து பங்கேற்ற முதல் பொதுநிகழ்ச்சி என்கிறார்கள். ஆனாலும் 1963-இல் அதே ஊரின் உணவகம் ஒன்றில் நுழைய அவருக்கு அனுமதி மறுக்கப்பட்டது. மூன்று தங்கமும் ஒரு நாற்காலியைப் பெற்றுத்தரவில்லை. வெண்கலம் வந்தபோதோ அவர் உயிரோடு இல்லை. 1994 நவம்பரிலேயே காலமாகிவிட்டார்.

ஆகவே, சிலை சாலையை விட்டுப் போனதே என்று நான் வருந்தமாட்டேன். வெள்ளையரும் கறுப்பரும் ஒரே பந்தியில் அமர வேண்டும் என்பதுதான் அந்த ஊரிடம் அவர் வைத்த நிபந்தனை. விருந்து நடக்கும் மண்டபத்தின் வாசலைவிடப் பொருத்தமான இடத்தை நீங்கள் எங்கே காட்டுவீர்கள்?