போலீஸ் ஸ்டேஷனுக்கு வரச் சொல்லி போன் வந்தால் போயே ஆக வேண்டுமா? மும்பையில் இருக்கும் தமிழருக்கு என்ன சட்ட உரிமை?

பக்கத்துக் கடையில் நடந்த அடிதடி விஷயமாக உங்கள் மாமாவை "நாளைக்குக் காலையில ஸ்டேஷன் வாங்க" என்று போனில் கூப்பிட்டிருக்கிறார்கள். அவருக்கு 64 வயது, மராத்தி படிக்கத் தெரியாது. போகாவிட்டால் பிடித்துக்கொண்டு போய்விடுவார்களா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் வக்கீல் இல்லை. தாராவியில் பிறந்து வளர்ந்தவன், அந்தேரியில் ஓர் அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறேன். 2024 செப்டம்பரில் என் தம்பிக்கும் இப்படித்தான் ஒரு போன் வந்தது. அதிலிருந்து ஒரு மாதம் நாங்கள் பட்ட பாட்டில் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

தம்பி ஒரு பழைய மொபைலை 7,500 ரூபாய்க்குக் கடையில் வாங்கியிருந்தான். அது யாரோ ஒருவரிடம் திருடிய போன். ஐ.எம்.இ.ஐ. எண்ணை, அதாவது ஒவ்வொரு போனுக்கும் உள்ள தனி அடையாள எண்ணை வைத்துக் கண்டுபிடித்து, நகரத்தின் இன்னொரு மூலையில் இருக்கும் ஸ்டேஷனிலிருந்து கூப்பிட்டார்கள். "பத்து நிமிஷ வேலை, போனை எடுத்துக்கிட்டு வா" என்றார்கள். சாயங்காலம் ஏழு மணிக்குப் போனான், தனியாக. ராத்திரி ஒரு மணிக்குத்தான் வெளியே விட்டார்கள். அம்மா வாசலிலேயே உட்கார்ந்திருந்தாள். வந்தவன் முதலில் சொன்னது இதுதான்: "அண்ணே, ரெண்டு பேப்பர்ல கையெழுத்து வாங்கினாங்க. மராத்தில இருந்துச்சு. என்ன எழுதியிருக்குன்னு தெரியல."

அன்றைக்கு அவனை யாரும் அடிக்கவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் அந்த இரண்டு காகிதம் எங்கள் வீட்டுத் தூக்கத்தைக் கெடுத்தது. இரண்டு நாள் கழித்து இன்னொரு போன்: "அப்பாவையும் கூட்டிட்டு வா." அப்பாவுக்கு அப்போது 62 வயது. திருநெல்வேலியிலிருந்து வந்து நாற்பது வருஷம் இந்த ஊரில் இட்லி விற்றவர், ஒரு நாளும் ஸ்டேஷன் படி ஏறாதவர். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பியே விட்டார்.

நல்ல வேளையாக எங்கள் தெருவில் ஒருவர் செம்பூரில் இருக்கும் ஒரு தமிழ் வக்கீல் அக்காவின் நம்பரைக் கொடுத்தார். அக்கா முதலில் கேட்ட கேள்வியை நான் மறக்க மாட்டேன்: "தம்பியைச் சாட்சியாக் கூப்பிட்டாங்களா, குற்றம் சாட்டப்பட்டவனாக் கூப்பிட்டாங்களா? அந்த நோட்டீஸ் எங்கே?"

நோட்டீஸா? அப்படி ஒன்று இருக்கிறதே எங்களுக்குத் தெரியாது.

2024 ஜூலை 1 முதல் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டமான சி.ஆர்.பி.சி. போய், பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, சுருக்கமாக பி.என்.எஸ்.எஸ்., வந்துவிட்டது. அதன்படி போலீஸ் ஒருவரை விசாரணைக்குக் கூப்பிட இரண்டு வழி இருக்கிறது. சாட்சியாகக் கூப்பிட்டால் பிரிவு 179 (பழைய 160). அதற்கு எழுத்தில் உத்தரவு வேண்டும். அதுவும் அந்த ஸ்டேஷன் எல்லையிலோ அதை ஒட்டிய ஸ்டேஷன் எல்லையிலோ இருப்பவரைத்தான் வரச் சொல்ல முடியும். குற்றத்தில் சந்தேகப்பட்டுக் கூப்பிட்டால் பிரிவு 35(3) (பழைய 41ஏ), அதற்கும் நோட்டீஸ் உண்டு. ஏழு வருஷம் வரை தண்டனை உள்ள குற்றங்களில் எடுத்த எடுப்பில் கைது செய்யக் கூடாது, முதலில் இந்த நோட்டீஸைத்தான் கொடுக்க வேண்டும், கைது அவசியம் என்றால் காரணத்தை எழுதி வைக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2014-லேயே கறாராகச் சொல்லியிருக்கிறது. நோட்டீஸை மதித்துப் போய்க்கொண்டே இருந்தால், காரணத்தை எழுதாமல் கைது செய்ய முடியாது. நோட்டீஸ் வந்தும் போகாமல் இருந்தால் கைது செய்யலாம். ஆகவே நோட்டீஸ் கைக்கு வந்த பிறகு ஒளிந்து விளையாட வேண்டாம். ஒன்றைக் கவனியுங்கள்: இந்த 35(3) நோட்டீஸை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் அது முறைப்படி கொடுத்ததாக ஆகாது என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

வக்கீல் அக்கா அப்பாவைச் சட்டையைக் கழற்றச் சொன்னார். சாட்சி விசாரணைக்காக 60 வயதுக்கு மேற்பட்டவரையோ, எந்த வயதுப் பெண்ணையோ, 15 வயதுக்குட்பட்ட பையனையோ, உடல் ஊனமோ மனநலக் குறைவோ கடும் நோயோ உள்ளவரையோ ஸ்டேஷனுக்கு வா என்று கட்டாயப்படுத்த முடியாது. வீட்டுக்கு வந்துதான் கேட்க வேண்டும். அவர்களாக விரும்பினால் போகலாம், அவ்வளவுதான். இது அதே 179-ஆம் பிரிவிலேயே இருக்கிறது. எங்கள் பேட்டையில் எத்தனை அம்மாக்களை "சும்மா கேக்கத்தான்" என்று கூப்பிட்டு மணிக்கணக்கில் பெஞ்சில் உட்கார வைத்திருப்பார்கள் என்று நினைத்தால் எனக்கு இப்போதும் நெஞ்சு கொதிக்கிறது. ஒருத்திக்காவது இது தெரிந்திருக்குமா?

சரி, அந்த இரண்டு காகிதம். ஒன்று பஞ்ச்நாமா, அதாவது போனைக் கைப்பற்றியதற்கான பதிவு. இன்னொன்று 'ஜபாப்'. மும்பை ஸ்டேஷன்களில் வாக்குமூலத்துக்கு இதுதான் பேர். "பில் இல்லாத திருட்டுப் போன் என்று தெரிந்தே வாங்கினேன்" என்ற மாதிரி அதில் எழுதியிருந்ததை அக்கா விசாரித்துச் சொன்னபோது தம்பி அழுதே விட்டான். அவன் அப்படிச் சொல்லவே இல்லை. திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ வாங்குவதுதான் குற்றம். அந்த 'தெரிந்தே' என்ற ஒரு சொல்லில்தான் அவன் வாழ்க்கையே தொங்கியது.

அக்கா சொன்ன இரண்டு விஷயம் எங்களுக்கு உயிர் கொடுத்தது. விசாரணையில் போலீஸ் எழுதிக்கொள்ளும் வாக்குமூலத்தில் சொன்னவரிடம் கையெழுத்து வாங்கவே கூடாது, அது பிரிவு 181. இரண்டாவது, போலீஸிடம் ஒப்புக்கொண்டதாக எழுதியதை வைத்துக் கோர்ட்டில் குற்றத்தை நிரூபிக்க முடியாது, அது புதிய சாட்சியச் சட்டத்தின் பிரிவு 23. (ஒப்புக்கொண்டவர் சொன்னதை வைத்து ஏதாவது பொருள் புதிதாகக் கிடைத்தால், அந்தப் பகுதி மட்டும் செல்லும்.) அதோடு, தன்னையே சிக்க வைக்கும் கேள்விக்குப் பதில் சொல்லாமல் இருக்கும் உரிமை அரசமைப்புச் சட்டம் 20(3)-இல் இருக்கிறது. பேர், விலாசம் சொல்லுங்கள், மரியாதையாகப் பேசுங்கள். மற்றதற்கு "வக்கீலைக் கேட்டுச் சொல்றேன்" என்று நிறுத்திக்கொள்ளலாம். கைதானவர் விசாரணையின்போது வக்கீலைப் பார்க்கவும் உரிமை உண்டு. முழு நேரமும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ள முடியாது, இடையில் பார்க்கலாம்.

மொழி விஷயம்தான் மும்பைத் தமிழர்களுக்குப் பெரிய ஆபத்து என்று நான் நினைக்கிறேன். நாம் இந்தி நன்றாகப் பேசுவோம், ஆகவே நமக்கு மராத்தி எழுத்தும் தெரியும் என்று எதிரே இருப்பவர் எடுத்துக்கொள்வார். நாமும் கூச்சப்பட்டுத் தலையாட்டுவோம். கூச்சப்படாதீர்கள். "சாஹேப், மலா மராத்தி வாச்தா யேத் நாஹி" என்று சொல்லுங்கள், எனக்கு மராத்தி படிக்க வராது என்று அர்த்தம். படித்துக் காட்டச் சொல்லுங்கள். கையெழுத்துப் போட்டே ஆக வேண்டும் என்று நெருக்கினால், தமிழில் போடுங்கள், அதற்கு மேலே "இது எனக்குப் படித்துக் காட்டப்படவில்லை" என்று தமிழிலேயே ஒரு வரி எழுதுங்கள். இது அக்கா சொல்லிக் கொடுத்தது. 2025 நவம்பரில், மும்பையிலிருந்து மேலே போன ஒரு வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது: எந்தக் குற்றமானாலும் கைதுக்கான காரணத்தை, கைதானவருக்குப் புரியும் மொழியில், எழுத்தில் கொடுக்க வேண்டும். அந்த நேரத்தில் முடியாவிட்டால் வாயால் சொல்லிவிட்டு, மாஜிஸ்ட்ரேட் முன் நிறுத்துவதற்குக் குறைந்தது இரண்டு மணி நேரம் முன்பாவது எழுத்தில் தர வேண்டும். தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்தவருக்குத் தமிழில். தம்பி விஷயம் நடந்தபோது இந்தத் தீர்ப்பு இல்லை, இருந்திருந்தால் எவ்வளவு தைரியமாக இருந்திருக்கும்!

கைது என்று ஆகிவிட்டால், கைது செய்யும் அதிகாரி பேர் தெரியும்படி பேட்ஜ் போட்டிருக்க வேண்டும். கைது மெமோ எழுத வேண்டும், அதில் வீட்டார் ஒருவரோ அந்தப் பகுதியில் மதிப்புள்ள ஒருவரோ சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். நீங்கள் சொல்லும் ஒருவருக்குத் தகவல் கொடுக்க வேண்டும். பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்ட்ரேட் முன் நிறுத்த வேண்டும். பெண்களை, தவிர்க்கவே முடியாத சூழ்நிலை தவிர, பொழுது சாய்ந்த பிறகு விடிவதற்குள் கைது செய்யக் கூடாது. அப்படிச் செய்வதானாலும் பெண் அதிகாரி, மாஜிஸ்ட்ரேட்டின் முன் அனுமதியோடு செய்ய வேண்டும்.

மருத்துவப் பரிசோதனையைப் பற்றி மட்டும் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் ஒரு தந்தையும் மகனும் காவலில் அடிக்கப்பட்டு இறந்தார்களே, அந்த வாரம் முழுக்க எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் அதே பேச்சுதான். ஊரடங்கு நேரத்தில் கடை திறந்திருந்தது என்பதில் தொடங்கிய விஷயம் அது. எங்கள் ஊர்ப்பக்கத்து மனிதர்கள், நம்மைப் போலக் கடை வைத்திருந்தவர்கள். கைதானவரை உடனே டாக்டர் பார்த்து, காயம் இருந்தால் எழுத வேண்டும் என்பது சட்டம். டாக்டரிடம் எங்கே வலிக்கிறது என்று ஒன்று விடாமல் காட்டுங்கள். மாஜிஸ்ட்ரேட் முன் நிற்கும்போது போலீஸ்காரர் பக்கத்தில்தான் இருப்பார், பயமாகத்தான் இருக்கும். ஆனாலும் அடித்திருந்தால் அங்கேயே வாயைத் திறந்து சொல்ல வேண்டும். ஸ்டேஷன்களில் லாக்கப் உட்பட எல்லா இடத்திலும் சிசிடிவி வைக்க வேண்டும் என்று 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது. ஆகவே உள்ளே போன நேரத்தையும் வெளியே வந்த நேரத்தையும் வீட்டில் ஒருவர் குறித்து வைக்க வேண்டும். பின்னால் பதிவைக் கேட்கும்போது அந்த நேரம்தான் உதவும்.

நாமே புகார் கொடுக்கப் போகும்போது மும்பையில் நடக்கும் ஒரு விஷயம் உண்டு. ரயிலில் போனைப் பறித்துக்கொண்டு ஓடியிருப்பான், "தொலைஞ்சு போச்சுன்னு எழுதிக்கிறோம், என்.சி. வாங்கிக்கோ" என்பார்கள். என்.சி. என்றால் கோர்ட் உத்தரவில்லாமல் போலீஸ் விசாரிக்க முடியாத புகார். பறிப்பு அப்படி இல்லை, எஃப்.ஐ.ஆர். போட வேண்டிய குற்றம். எஃப்.ஐ.ஆர். போட்டே ஆக வேண்டும் என்று 2013-இல் ஐந்து நீதிபதிகள் அமர்வு சொல்லியிருக்கிறது. எந்த ஸ்டேஷனிலும் கொடுக்கலாம், "எங்க எல்லை இல்ல" என்று திருப்பி அனுப்பக் கூடாது. அதுதான் ஜீரோ எஃப்.ஐ.ஆர். நகல் இலவசம். மறுத்தால் டிசிபிக்கு, அதாவது போலீஸ் துணை ஆணையருக்குத் தபாலில் எழுதுங்கள், அதற்கும் அசையவில்லை என்றால் மாஜிஸ்ட்ரேட்டிடம் போகலாம்.

இன்னொன்று. "மும்பை கிரைம் பிராஞ்ச்" என்று வீடியோ காலில் வந்து, உங்களை டிஜிட்டல் அரெஸ்ட் செய்திருக்கிறோம், கேமரா முன்னாலேயே இருங்கள் என்று மிரட்டுகிறவர்கள் எல்லோரும் திருடர்கள். அப்படி ஒரு கைது இந்தியச் சட்டத்தில் கிடையாது. ஊரிலிருந்து என் அத்தை ஒரு நாள் நடுங்கிக்கொண்டு போன் செய்தார், "நீ மும்பைலதான இருக்க, போய் என்னன்னு பாரு" என்று. அழைப்பைத் துண்டியுங்கள், பணம் போயிருந்தால் உடனே 1930-க்கு அடியுங்கள்.

தம்பி கதை நல்லபடியாக முடிந்தது. அக்கா கூட வந்து, 35(3) நோட்டீஸை எழுத்தில் வாங்கினார். தம்பி கடைக்காரருக்குப் பணம் அனுப்பிய யுபிஐ ரசீதைக் கொடுத்தோம், கடைக்காரரையும் விசாரித்தார்கள், தம்பி சாட்சியானான். அக்கா ஸ்டேஷனில் ஒரு தடவை கூடக் குரலை உயர்த்தவில்லை. "சாஹேப், லேகி த்யா" என்றார், எழுத்தில் கொடுங்கள் என்று, அதையே மூன்று முறை சொன்னார். சட்டப் பிரிவை வாசலிலேயே கத்தினால் வேலை கெடும் என்று அவர் சொன்னதை நான் ஒத்துக்கொள்கிறேன்.

இனி உங்கள் மாமா. முதலில் அந்தப் போன் நிஜமாகவே ஸ்டேஷனிலிருந்துதான் வந்ததா என்று பாருங்கள். நீங்களோ கடைப் பையனோ நேரில் போய், கூப்பிட்ட அதிகாரியின் பேரையும் பதவியையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். சாட்சியாகத்தான் என்றால், "மாமாவுக்கு 64 வயசு, வீட்டுக்கு வந்து கேளுங்க, எல்லாம் சொல்லுவார்" என்று ஆதார் நகலோடு ஒரு கடிதம் கொடுத்து, நகலில் சீல் வாங்கிவிடுங்கள். அடிதடியில் அவர் பேரையும் சேர்த்திருக்கிறார்கள் என்றால் 35(3) நோட்டீஸைக் கேளுங்கள், வக்கீல் இல்லாமல் போக வேண்டாம். வக்கீலுக்குப் பணம் இல்லை என்றால் 15100-க்கு போன் செய்யுங்கள், அது இலவசச் சட்ட உதவி எண். காவலில் இருப்பவருக்கும் பெண்களுக்கும் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலேயே வக்கீல் தருவார்கள். மராத்தியும் தமிழும் படிக்கத் தெரிந்த ஒருவரை மாமா பக்கத்தில் உட்கார வையுங்கள். உங்கள் பக்கத்தில் அப்படி யாரும் இல்லை என்றால் இங்கேயே பதில் எழுதுங்கள், ஞாயிற்றுக்கிழமை என்றால் நானே வருகிறேன்.