அவர் கையெழுத்து எதற்கு, உங்களுடையது போதுமே

கேள்வி: நியூஜெர்சியில் இருக்கிறோம். இங்கேயே பிறந்த மகனுக்கு 19 வயது. கம்ப்யூட்டர் சயின்ஸை விட்டுவிட்டு வரலாறு படிக்கப் போய்விட்டான். அன்றிலிருந்து என் கணவர் அவனோடு பேசுவதில்லை. பைசா தரமாட்டேன், அரசின் மாணவர் நிதியுதவிக்கான ஃபாஃப்சா படிவத்திலும் கையெழுத்துப் போட மாட்டேன் என்கிறார். பெற்றோரைச் சாராத மாணவன் என்று காட்டினால் உதவி கிடைக்குமாம். எங்களோடு தொடர்பே இல்லை என்று கல்லூரிக்கு எழுதிக் கொடுக்கலாமா? ஞாயிறுதோறும் நான்தான் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கிறேன். பண விஷயம் எனக்குத் தெரியாது. வருமான வரிகூட இருவர் பெயரிலும் சேர்த்துத்தான் கட்டுகிறோம், அவர் காட்டும் இடத்தில் கையெழுத்துப் போடுவேன்.

பதில்: வரிக் கணக்கு இருவர் பெயரிலும் சேர்த்து என்று போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போகிறீர்களே, உங்கள் பிரச்சினைக்கு வழி அதில்தான் இருக்கிறது. 2024-25 கல்வியாண்டிலிருந்து புதுப் படிவம் வந்துவிட்டது. கணவனும் மனைவியும் சேர்ந்து வரி தாக்கல் செய்திருந்தால் பெற்றோரில் ஒருவர் சம்மதம் கொடுத்துக் கையெழுத்துப் போட்டால் போதும். அந்த ஒருவர் நீங்களாக இருக்கலாம். சோஷியல் செக்யூரிட்டி எண் இல்லாவிட்டாலும் படிவத்துக்கான இணையதளத்தில் உங்கள் பெயரில் கணக்குத் தொடங்க முடியும். இத்தனை வருஷம் அவர் காட்டிய இடத்தில் எல்லாம் போட்ட கையெழுத்தை மகனுக்காக ஒரு தடவை நீங்களாகப் போட மாட்டீர்களா? அதைவிட, பெற்ற பிள்ளையை யாருமில்லாதவன் என்று எழுதிக் கொடுப்பது சுலபமாகத் தெரிகிறதா?

அந்தக் கடிதம் செல்லாது. பெற்றோர் பணம் தர மறுப்பது, படிவம் நிரப்ப மறுப்பது, வரிக் கணக்கில் பிள்ளையைக் காட்டாமல் விடுவது, பிள்ளை தானே சம்பாதித்துக்கொள்வது, இந்த நான்கும் சேர்ந்தாலும் 19 வயதுப் பையன் சட்டப்படி பெற்றோரைச் சார்ந்தவன்தான். 24 வயது ஆகியிருக்க வேண்டும், கல்யாணம் ஆகியிருக்க வேண்டும், ராணுவத்தில் இருந்திருக்க வேண்டும், இப்படிச் சில வழிகள்தான் உண்டு. இல்லையென்றால் வீட்டில் கொடுமை, பெற்றோர் கைவிட்டது, சிறையில் இருப்பது மாதிரியான நிலைமை இருந்து, அதற்குப் பள்ளி ஆலோசகர், சமூகப் பணியாளர் மாதிரி யாராவது எழுத்தில் சாட்சி சொல்ல வேண்டும். நீங்கள் கொடுத்தனுப்பிய ரசம் டப்பா அவன் அறை ஃப்ரிட்ஜில் இருக்கும்போது யாரிடம் போய் அந்தச் சாட்சியைக் கேட்பீர்கள்? தெரிந்தே பொய் சொன்னால் 20,000 டாலர் வரை அபராதம், சிறையும் உண்டு, அது உங்கள் பையன் தலையிலும் விழும். நிஜமாகவே வீட்டைவிட்டு விரட்டப்பட்ட பிள்ளைகள் அதே அலுவலகத்தில் அதை நிரூபிக்கத் திண்டாடுகிறார்கள், அந்த வரிசையில் உங்கள் மகனைக் கொண்டுபோய் நிறுத்தாதீர்கள்.

உங்கள் கணவருக்குத் தெரியாமல் செய்யச் சொல்லவில்லை. சொல்லிவிட்டுச் செய்யுங்கள். இந்தக் கையெழுத்தால் அவர் ஒரு டாலர்கூடக் கட்ட வேண்டியதில்லை, பெற்றோர் பெயரில் வாங்கும் கடன் வேறு, அதற்குத் தனி விண்ணப்பம். வருமானம் அதிகமென்றால் இலவச உதவி கிடைக்காமல் போகலாம், ஆனால் இரண்டாம் ஆண்டு மாணவனுக்கு அவன் பெயரிலேயே 6,500 டாலர் வரை அரசுக் கடன் உண்டு. தான் சொன்ன பாடத்தைப் படிக்கவில்லை என்று ஒரு அப்பா ஃபீஸ் கட்ட மறுக்கலாம், எனக்கு அதுவே பிடிக்கவில்லை, இருந்தாலும் அவர் உழைத்த பணம். பிள்ளை வேறு வழியில் படிப்பதையும் தடுக்க அவருக்கு உரிமையில்லை. அதைப் பார்த்துக்கொண்டு சாப்பாடு மட்டும் கட்டிக்கொடுப்பதோடு அம்மாவின் கடமை முடிந்துவிடாது.

படிவத்தை மகன் தொடங்கி, உங்கள் மின்னஞ்சலைக் கொடுத்து உங்களை அழைக்க வேண்டும். பெயரும் பிறந்த தேதியும் உங்கள் கணக்கில் இருப்பதுபோலவே எழுதச் சொல்லுங்கள், மாறினால் சிக்கிக்கொள்ளும். அப்புறம், கல்லூரி தன் பணத்திலிருந்து தரும் உதவிக்குத் தனியாகக் கெடு வைத்திருக்கும், அது என்றைக்கு என்று இன்றே அவனிடம் கேளுங்கள்.