குறைமாதக் குழந்தைக்கு மலம் போக மருந்து வைக்கலாமா?

கேள்வி: என் மகள் 31 வாரத்தில், 1,300 கிராம் எடையில் பிறந்தாள். மருத்துவமனையில் இருந்தபோது, பால் ஏற்றுக்கொள்ள உதவும் என்று ஆசனவாயில் கிளிசரின் மருந்து வைத்தார்கள். இப்போது இரண்டு மாதம், தாய்ப்பால் மட்டும்தான். மலம் போய் இரண்டு நாளாகிறது. முகம் சிவக்க முக்குகிறாள். அதே மருந்தைக் கடையில் வாங்கி வைக்கலாமா? வெற்றிலைக் காம்பே போதும் என்கிறார் மாமியார்.
- ஒரு வாசகி, தங்கச்சிமடம்

பதில்: இரண்டுமே வேண்டாம், அம்மா. மாமியாரைக் கோபிக்காதீர்கள், விளக்கெண்ணெயில் தோய்த்த காம்போடு எத்தனையோ பாட்டிமாரை இந்தக் கரையில் பார்த்திருக்கிறேன். ஆனால் குறைமாதக் குழந்தையின் மலக்குடல் மிக மெல்லியது. காம்பு நுனி கீறினாலே புண்ணாகும்.

மருத்துவமனையில் வைத்த காரணம் வேறு. நிறைமாதக் குழந்தை பெரும்பாலும் 48 மணி நேரத்துக்குள் தார் போன்ற கரும்பச்சை மலத்தைக் கழித்துவிடும். 31 வாரக் குடலுக்கு அந்த அசைவு இன்னும் கைவரவில்லை. மலம் நாள்கணக்கில் தங்கும்; வயிறு உப்பும்; குழாயில் கொடுக்கும் பாலைக் கூட்டத் தயங்குவோம். கிளிசரின் நீரை இழுத்து மலத்தை இளக்கும், மலக்குடலைச் சுருங்கத் தூண்டும். வழி திறந்தால் சீக்கிரம் தேவையான முழு அளவு பாலுக்கு வந்துவிடலாம் என்று எதிர்பார்த்தார்கள். எல்லாக் குழந்தைகளுக்கும் வழக்கமாக வைத்துப் பார்த்த ஆய்வுகளில் அது உறுதிப்படவில்லை. அதனால் சில மருத்துவர்கள் வைக்கிறார்கள், சிலர் வைப்பதில்லை. வைத்தாலும் சிறு துணுக்காக வெட்டித்தான், வயிற்றைக் கவனித்தபடிதான். என்னைக் கேட்டால், உங்கள் மகளைத் தேற்றியதில் பெரும்பங்கு நீங்கள் பீய்ச்சிக் கொடுத்த பாலுக்குத்தான்.

இரண்டு மாதம் என்கிறீர்கள். கருவின் கணக்கில் அவளுக்கு இப்போதுதான் 39 வாரம். இன்னும் பிறக்கவே வேண்டியதில்லை! முக்கும்போது ஆசனவாயைத் தளர்த்த வேண்டும் என்பது அவளுக்குத் தெரியாது. முக்கி முக்கித் தானே கற்றுக்கொள்வாள். கடைசியில் வருவது களி போல இளகியிருந்தால் அது மலச்சிக்கல் அல்ல. இரும்புச் சத்துச் சொட்டு மருந்து கொடுத்தால் மலம் கறுக்கும், அதற்கும் பயம் வேண்டாம். வெயில் என்று தண்ணீர் புகட்டிவிடாதீர்கள்.

மலம் புழுக்கை போலக் கெட்டியாக வந்தாலோ, இன்னும் இரண்டு நாள் போகாவிட்டாலோ குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். தைராய்டு குறைவாலும் மலம் கட்டலாம்; அந்தப் பரிசோதனை செய்தாயிற்றா என்றும் கேளுங்கள். பச்சையாக வாந்தி, கல் போல உப்பிய வயிறு, மலத்தில் ரத்தம், பால் குடிக்காமல் துவண்டு கிடப்பது: இவற்றில் ஒன்று தெரிந்தாலும் விடியட்டும் என்று இருக்காதீர்கள். 108-ஐ அழைத்து, பாலம் தாண்டி ராமநாதபுரம் அரசு மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். மலம் பட்ட துணியையும் மடித்து எடுத்துச் செல்லுங்கள்.