எரிந்தால்தான் செய்தியா?

கேள்வி: அரபுக் கையெழுத்துச் சுவடிகளின் பெருமையை உலகுக்குக் காட்டியதே ஊடகங்கள்தான். டிம்பக்டூ நூலகம் எரிந்த செய்தி வராவிட்டால் அந்த ஊரின் பெயரை நம்மில் எத்தனை பேர் கேட்டிருப்போம்? பிறகும் ‘சுவடி எரிந்தால்தான் செய்தியா’ என்று ஏன் ஊடகங்களைக் குறை சொல்கிறீர்கள்?
(ஒரு வாசகர், மேலப்பாளையம்)

பதில்: சரி, டிம்பக்டூவையே எடுத்துக்கொள்வோம். 2013 ஜனவரி கடைசியில், மாலி நாட்டின் அந்த ஊரைப் பிடித்து வைத்திருந்த ஆயுதக் குழுவினர் தப்பி ஓடும்போது, சுவடி நூலகமான அகமது பாபா நிறுவனத்தில் இருந்த சுவடிகளுக்குத் தீ வைத்தார்கள். நூலகமே சாம்பல் என்று உலகெங்கும் செய்தி பறந்தது. அதற்கு ஆதாரம் ஊர் மேயரின் பேச்சு. அவரோ அப்போது தலைநகர் பமாக்கோவில் இருந்தார். யுனெஸ்கோ கணக்குப்படி போனவை 4,000 சுவடிகளுக்கு மேல். சின்ன இழப்பு இல்லை. ஆனால் ஊரிலிருந்த சுவடிகளில் பெரும்பகுதியை அப்துல் காதர் ஹைதராவும் அவரோடு சேர்ந்த நூலகர்களும் பல மாதங்களாகவே பெட்டிகளில் அடைத்து, காரிலும் நைஜர் ஆற்றுப் படகிலும் ரகசியமாகப் பமாக்கோவுக்கு வெளியேற்றி வந்தார்கள்.

அது தெரிந்ததும் ஊடகங்கள் அந்தச் சாகசத்தைப் பிடித்துக்கொண்டன. அதனால் உலகின் கவனமும் உதவியும் கிடைத்தன, மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பெட்டிகளுக்குள் என்ன எழுதியிருக்கிறது? வானியல், மருத்துவம், மார்க்கச் சட்டம், வியாபார ஒப்பந்தம், கடிதம் எல்லாம் உண்டு. சொங்காய், ஃபுல்ஃபுல்டே போன்ற அந்தப் பக்கத்து மொழிகளை அரபு எழுத்தில் எழுதிய ஏடுகளும் உண்டு. தமிழை அரபு எழுத்தில் எழுதிய அரபுத்தமிழ்க் கிதாபுகளை (நூல்களை)ப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதன் அருமை உடனே புரியும். இதைப் பற்றி எத்தனை செய்திகள் படித்தீர்கள்?

2015 ஜூலையில் பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தின் இரண்டு குர்ஆன் தாள்கள் உலகச் செய்தியாயின. கார்பன் சோதனை சொன்ன காலம் கி.பி. 568 முதல் 645 வரை. அது தாளாகப் பயன்பட்ட விலங்குத் தோலின் வயது, அதன்மேல் எழுதிய மையின் வயது அல்ல. பல தலைப்புகளில் இந்த வேறுபாடே இல்லை. ‘உலகிலேயே மிகப் பழையது’ என்பதோடு முடித்துவிட்டார்கள். அந்தத் தாள்களும் பாரிஸ் தேசிய நூலகத்தில் உள்ள 16 தாள்களும் ஒரே பிரதியைச் சேர்ந்தவை என்று கண்டுகொண்டவர் ஆல்பா ஃபெதெலி என்ற ஆய்வாளர். எனக்கு அதுதான் பெரிய செய்தி. சிதறிப் போன ஒரு பிரதியை, கையெழுத்தைக் கூர்ந்து பார்த்தே ஒருவர் சேர்த்துவிட்டார்!

கெய்ரோவில் அரபுச் சுவடிகளுக்கென்றே 1946இல் தொடங்கிய ஒரு நிறுவனம் இருக்கிறது. ஏப்ரல் 4 அரபுச் சுவடி நாளாகவும் கொண்டாடப்படுகிறது. அன்றைக்கு விழாப் படம் போட்டால் போதாது. ஒரு சுவடியின் ஒரு பக்கத்தை அச்சிட்டு, அதைப் படிக்கத் தெரிந்தவரிடம் கேட்டுப் பொருள் எழுதுங்கள். ஓர வரியில் யாரோ எழுதி வைத்த குறிப்பையும் விடாதீர்கள். அட்டவணை போடுகிறவர், கிழிந்த தாளை ஒட்டுகிறவர், இவர்களிடம் பேட்டி எடுங்கள்.

பமாக்கோவின் ஈரக்காற்றில் கெட்டுப்போகும் என்ற கவலையால், 2025 ஆகஸ்டில் அந்தச் சுவடிகள் டிம்பக்டூவுக்குத் திரும்பத் தொடங்கின. தீயை முதல் பக்கத்தில் போட்டவர்கள் இதை எந்தப் பக்கத்தில் போட்டார்கள் என்று தேடிப் பாருங்கள்.