பக்கத்து ஊர்ப் பள்ளியோடு நம் பள்ளியைச் சேர்க்கப் போகிறார்களாம், வீடு வாங்கலாமா?

தங்கச்சி, உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிட்டு ஆரம்பிக்கிறேன், மற்றவர்களுக்கும் புரியும். அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ஒரு சின்ன ஊருக்குக் குடிவந்து சில மாதம்தான் ஆகிறது. கணவர் அங்குள்ள ஆஸ்பத்திரியில் டாக்டர், ஜே-1 வெய்வர் (பயிற்சி விசாவில் வந்த டாக்டர் நாடு திரும்பாமல் இங்கேயே தங்கத் தரும் விலக்கு) நிபந்தனைப்படி மூன்று வருடம் அங்கேயே வேலை பார்த்தாக வேண்டும். பெரியவளுக்கு ஒன்பது வயது, சின்னவனுக்கு நாலு. உங்கள் ஊர் ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட்டும் பக்கத்து ஊர் டிஸ்ட்ரிக்ட்டும் ஒன்றாகலாமா என்று ஆய்வு நடக்கிறது, வீட்டுக்கு ஒரு சர்வே தாள் வந்திருக்கிறது. பள்ளியை மூடிவிடுவார்களா, இந்த நிலையில் வீடு வாங்கலாமா, நம்மைப் போல வந்தவர்கள் இதில் வாயைத் திறக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன். தாராளமாகத் திறக்கலாம். குடியுரிமை இல்லாததால் ஓட்டு மட்டும் கிடையாது, இணைப்பு கேட்கும் மனுவில் கையெழுத்துப் போடவும் முடியாது. சர்வே நிரப்புவதற்கும், பள்ளி நிர்வாக போர்டு கூட்டத்தில் எழுந்து பேசுவதற்கும், போர்டு உறுப்பினருக்கு மெயில் அனுப்புவதற்கும் யாரும் உங்கள் விசாவைக் கேட்க மாட்டார்கள். இன்னொன்றும் சொல்கிறேன். இந்த மாதிரி ஊர்களில் ஆஸ்பத்திரியும் பள்ளியும்தான் பெரும்பாலும் பெரிய முதலாளிகள். ஒரு டாக்டரைக் கொண்டுவர ஆஸ்பத்திரி என்ன பாடுபடுகிறது என்பது போர்டில் இருப்பவர்களுக்குத் தெரியும். டாக்டர் வீட்டம்மா பள்ளியைப் பற்றி என்ன நினைக்கிறார் என்று காது கொடுத்துக் கேட்பார்கள். கூச்சப்படாதீர்கள்.

நம் ஊரில் பள்ளியை மூடுவதோ சேர்ப்பதோ கல்வித் துறையிலிருந்து ஆணையாக வரும். இங்கே ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட் என்பது ஓர் ஊரும் சுற்றியுள்ள வயல்வெளியும் சேர்ந்த ஒரு குட்டி அரசாங்கம். அதற்கென்று தேர்ந்தெடுத்த போர்டு, அதற்கென்று சூப்பரிண்டெண்டண்ட் என்ற தலைமை நிர்வாகி, சொத்து வரியில் அதற்கென்று ஒரு பங்கு. அயோவாவில் நம் ஊர் மாவட்டம் போன்ற கவுண்ட்டிகள் 99, ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட்கள் சுமார் 325. 1950களின் தொடக்கத்தில் இதே மாநிலத்தில் நாலாயிரத்துக்கு மேல் இருந்தன. எல்லா நிலமும் ஹைஸ்கூல் உள்ள ஏதாவது ஒரு டிஸ்ட்ரிக்ட்டுக்குள் வந்தாக வேண்டும் என்று 1965-ல் சட்டம் வந்ததும் எண்ணிக்கை மளமளவென்று சரிந்தது. நாடு முழுவதுமே இதுதான் கதை. 1940 வாக்கில் 1,17,000 டிஸ்ட்ரிக்ட்கள், இப்போது சுமார் 13,000. ஆகவே உங்கள் ஊரில் ஏதோ திடீரென்று கோளாறு வந்துவிட்டதாக நினைக்க வேண்டாம்.

காரணமும் எளிது, பிள்ளைகள் இல்லை. மக்காச்சோளமும் சோயாவும் விளையும் இந்த நிலத்தில் முன்பு பல குடும்பங்கள் செய்த வேலையை இன்று ஒரே குடும்பம் பெரிய மிஷின்களை வைத்துச் செய்துவிடுகிறது. 1980களின் விவசாய நெருக்கடியில் பண்ணைகள் ஏலத்துக்குப் போனபோது மாநிலத்தின் மக்கள்தொகையே 29 லட்சத்திலிருந்து 28 லட்சத்துக்குக் கீழே போனது. பள்ளிக்கு வரும் அரசுப் பணமோ தலைக்கு இவ்வளவு என்று கணக்கிடப்படுகிறது. ஒவ்வோர் ஆண்டும் அக்டோபர் 1-ம் தேதி தலை எண்ணுவார்கள், அடுத்த வருட பட்ஜெட் அதை வைத்துத்தான். பத்துப் பிள்ளைகள் குறைந்தாலும் பஸ் அதே தூரம் ஓட வேண்டும், கொதிகலன் அதே அளவு எரிய வேண்டும், மூன்றாம் வகுப்புக்கு ஒரு டீச்சர் வேண்டும். செலவு குறையாது, வரவு மட்டும் குறையும்.

சரி, ஆய்வு என்றால் என்ன? பெரும்பாலும் ஓய்வுபெற்ற சூப்பரிண்டெண்டண்ட் ஒருவரோ இருவரோ கன்சல்டண்ட்டாக வருவார்கள். பிறப்புக் கணக்கு, மாணவர் எண்ணிக்கை, கையிருப்பு, கட்டடங்களின் வயது, வரி விகிதம் எல்லாவற்றையும் அட்டவணை போட்டு ஓர் அறிக்கை கொடுப்பார்கள். அறிக்கை வந்துவிட்டதாலேயே இணைப்பு நடந்துவிடாது. மனு போட்டு, வட்டாரக் கல்வி அமைப்பான ஏஇஏ-வின் போர்டு விசாரணை நடத்தி, பிறகு இரண்டு ஊரிலும் தனித்தனியாக ஓட்டெடுப்பு நடக்கும். இரண்டிலும் பெரும்பான்மை வேண்டும். ஒரு பக்கம் அமோகமாக ஜெயித்து இன்னொரு பக்கம் நூலிழையில் தோற்றாலும் கதை முடிந்தது. ஜெயித்தால் புது டிஸ்ட்ரிக்ட் ஏதோ ஒரு ஜூலை 1-ம் தேதி பிறக்கும். இதற்கெல்லாம் இரண்டு மூன்று வருடம் சாதாரணமாக ஆகும். ஆர்கன்சாவில் 2004 முதல், தொடர்ந்து இரண்டு வருடம் 350 மாணவருக்குக் குறைந்தால் கட்டாயம் சேர்ந்தாக வேண்டும் என்று சட்டம் போட்டார்கள். அயோவாவில் அப்படி எண்ணை வைத்துக் கட்டாயப்படுத்துவதில்லை, ஊர்தான் முடிவெடுக்கும். அதனாலேயே இங்கே பேச்சு நீளும்.

அப்புறம், இணைப்பு என்ற கல்யாணத்துக்கு முன்பே குடித்தனம் நடத்துவது இங்கே வழக்கம். உங்கள் இரண்டு ஊரும் ஏற்கெனவே ஃபுட்பால் டீமைச் சேர்ந்து நடத்துகின்றனவா என்று பாருங்கள். ஒரே சூப்பரிண்டெண்டண்ட் இரண்டு ஊருக்கும் காரில் அலைகிறாரா? அப்படி ஆளைப் பகிர்ந்துகொண்டால் மாநில நிதிக் கணக்கில் சில மாணவர்கள் கூடுதலாக இருப்பதுபோல எடைபோட்டுப் பணம் தருகிறார்கள், அதனால் பல ஊர்கள் செய்கின்றன. அடுத்த கட்டம் ஹோல் கிரேட் ஷேரிங். இரண்டு போர்டும் தனித்தனியாக இருக்கும், ஆனால் மிடில் ஸ்கூல் முழுக்க ஓர் ஊரில், ஹைஸ்கூல் முழுக்க இன்னோர் ஊரில். இதுவரை வந்துவிட்ட ஊர்களுக்கு ஓட்டெடுப்பு பெரும்பாலும் ஒரு சம்பிரதாயம். எதையும் பகிராமல் நேரே இணைப்புக்குக் குதிக்கும் ஊர்களில்தான் சண்டை நடக்கும்.

சண்டை என்றால் படிப்பைப் பற்றி இருக்கும் என்றுதான் நமக்குத் தோன்றும். நான் எங்கள் பகுதியில் நடந்த கூட்டத்துக்குப் போனேன். பள்ளிச் சாப்பாட்டுக் கூடம், மேஜையோடு ஒட்டிய வட்ட ஸ்டூல்கள், ஓரத்தில் காபியும் வீட்டில் செய்த பார் இனிப்புகளும். கன்சல்டண்ட் கோடு கீழே இறங்கும் படத்தைக் காட்டினார், யாரும் மூச்சுவிடவில்லை, ஏனென்றால் எல்லாருக்கும் அது தெரியும். பிறகு விதைக் கம்பெனித் தொப்பி போட்ட ஒரு பெரியவர் எழுந்து, “டீமுக்கு எந்த நிறம்?” என்று கேட்டார். அதன்பின் கூட்டத்தின் பாதி நேரம் அதில்தான் போனது. நிறம், சின்னம், பெயர். எனக்கு அப்போது எரிச்சல் வந்தது. கால்குலஸ் சொல்லித்தர ஆள் இல்லாத பள்ளியில் இதுவா கவலை என்று.

ஆனால் இந்த ஊர்களின் நுழைவாயிலில் இருக்கும் பலகைகளைப் பாருங்கள். எந்த வருடம் எந்த விளையாட்டில் மாநில சாம்பியன் என்று எழுதி வைத்திருப்பார்கள். தென்மேற்கு மூலையில் ஃபாரகட் என்று ஓர் ஊர், ஐந்நூறு பேர்தான். பெண்கள் அணிக்கு ஆறு பேராக ஆடிய பழைய பாஸ்கெட்பால் அயோவாவில் 1993 வரை இருந்தது. அதில் ஃபாரகட் பெண்கள் 1971-ல் மாநிலக் கோப்பை வாங்கினார்கள். அந்த டிஸ்ட்ரிக்ட்டை 2016-ல் மாநிலக் கல்வி வாரியம் மூடியது, நிலத்தை அக்கம்பக்கத்து டிஸ்ட்ரிக்ட்களுக்குப் பிரித்துக் கொடுத்தார்கள். தாமதித்துக்கொண்டே போனால் முடிவு ஊர் கையைவிட்டுப் போய்விடும் என்பதற்கு இங்குள்ளவர்கள் இதைத்தான் சொல்வார்கள். சேர்ந்துபோன ஊர்களோ பெயரில் ஒருவரையும் விட மாட்டார்கள். ஏஜிடபிள்யூஎஸ்ஆர் என்று ஒரு பள்ளி இருக்கிறது: ஆக்லி, ஜெனீவா, வெல்ஸ்பர்க், ஸ்டீம்போட் ராக். பிசிஎல்யூடபிள்யூ என்று இன்னொன்று, அதில் ஐந்து ஊர். சிரிக்கலாம், ஆனால் ஒவ்வோர் எழுத்தும் ஏதோ ஒரு மேஜையில் பேரம் பேசி வாங்கியது.

இனி உங்கள் பிள்ளைகள் விஷயம். என் அபிப்பிராயத்தை ஒளிக்காமல் சொல்கிறேன்: ஹைஸ்கூலைச் சேர்ப்பது நல்லது, தொடக்கப் பள்ளியை அந்தந்த ஊரில் விட்டுவைப்பது அதைவிட நல்லது. ஒரு வகுப்புக்கு பதினைந்து, இருபது பேர் இருக்கும் ஹைஸ்கூலில் பிசிக்ஸ் ஒரு வருடம் இருக்கும், மறு வருடம் இருக்காது. ஸ்பானிஷ் திரையில் வரும். பேண்டில் டிரம்பெட் வாசிக்கும் பையனே ஃபுட்பாலும் ஆடுவான், இடைவேளையில் சீருடையோடு வந்து வாசிப்பான். இது கேட்க அழகாக இருக்கும், கல்லூரிக்கு விண்ணப்பிக்கும் நேரத்தில்தான் இல்லாத பாடங்கள் தெரியும். கம்யூனிட்டி காலேஜ் பாடங்களை ஹைஸ்கூலிலேயே எடுக்கும் வசதி அயோவாவில் நன்றாகவே இருக்கிறது, அது ஓரளவு ஈடுகட்டுகிறது. முழுக்க இல்லை.

உங்கள் வீட்டில் இந்த இணைப்பு முதலில் தொடப்போவது பெரியவளை. வழக்கமாக எலிமெண்டரி இரண்டு ஊரிலும் இருக்கும், மிடில் ஸ்கூல்தான் முதலில் நகரும். இரண்டு மூன்று வருடத்தில் அவள் சரியாக அந்த வயதுக்கு வந்திருப்பாள். ஆகவே அறிக்கையில் வேறெதைப் படிக்காவிட்டாலும் எந்த வகுப்பு எந்தக் கட்டடத்தில் என்ற பக்கத்தைப் படியுங்கள். அடுத்தது பஸ். அயோவா விதிப்படி எலிமெண்டரி பிள்ளை ஒரு வழிக்கு 60 நிமிடத்துக்கு மேலும், ஹைஸ்கூல் பிள்ளை 75 நிமிடத்துக்கு மேலும் பஸ்ஸில் இருக்கக் கூடாது. காகிதத்தில் 45 நிமிடம் என்று போட்டிருப்பார்கள். ஜனவரியில் பனி மூடிய கிராவல் ரோட்டில் அது வேறு கணக்கு. பனி நாட்களில் பள்ளி இரண்டு மணி நேரம் தள்ளித் திறக்கும். அன்று உங்கள் கணவருக்கு ஆஸ்பத்திரியில் டூட்டி இருந்தால் நாலு வயதுக்காரனையும் வைத்துக்கொண்டு நீங்கள்தான் தனியாகச் சமாளிக்க வேண்டும். இன்னொரு அதிர்ச்சியையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்: இங்கே பதினாலரை வயதிலேயே பள்ளிக்குக் கார் ஓட்டிப் போக லைசென்ஸ் கொடுப்பார்கள். ஹைஸ்கூல் பக்கத்து ஊருக்குப் போனால் பிள்ளைகளில் பலர் அப்படித்தான் வருவார்கள், உங்கள் பெண்ணும் ஒருநாள் சாவியைக் கேட்பாள்.

பணம் மிச்சமாகும் என்பார்கள். சிராக்யூஸ் பல்கலைக்கழகத்தின் டங்கம், யிங்கர் என்ற இரு பொருளாதார அறிஞர்கள் நியூயார்க் மாநிலக் கிராமப்புற இணைப்புகளை ஆராய்ந்தார்கள். முந்நூறு பேர் அளவிலான சிறு டிஸ்ட்ரிக்ட்கள் சேரும்போது மிச்சம் கணிசமாக இருந்தது, ஆயிரத்தைந்நூறு பேர் அளவில் அது வெகுவாகக் குறைந்தது. உங்கள் ஊர்கள் எந்தப் பக்கம் என்று பாருங்கள். அதோடு, சேர்ந்த கையோடு புதுக் கட்டடம் கேட்பார்களா என்றும் கேளுங்கள். கட்டடக் கடன் பத்திரத்துக்கு இங்கே 60 சதவீத ஓட்டு வேண்டும், நிறைவேறினால் வீட்டு வரியில் அது வந்து உட்காரும்.

இது வீடு வாங்கும் கேள்விக்குக் கொண்டுவருகிறது. பள்ளிக்கான அடிப்படை வரி, வரிக்குரிய மதிப்பில் ஆயிரம் டாலருக்கு 5.40 டாலர், எல்லா ஊருக்கும் ஒன்றுதான். அதற்கு மேல் வரும் பகுதிதான் ஊருக்கு ஊர் மாறும். இணையும் டிஸ்ட்ரிக்ட்களுக்கு இந்த 5.40-ஐ முதல் சில வருடம் குறைத்துக் கொடுக்கும் சலுகை இருந்து வந்திருக்கிறது. உங்கள் காலக்கணக்குக்கு அது பொருந்துமா என்பதை ஆய்வு செய்பவர்களிடமே கேட்டுவிடுங்கள். ஒப்பந்தம் மூன்று வருடம், பள்ளி எங்கே என்று முடிவாகவே இரண்டு வருடம் ஆகும் என்ற நிலையில், நான் உங்கள் இடத்தில் இருந்தால் வாடகைக்கே இருப்பேன். வாங்கித்தான் தீருவேன் என்றால் ஊருக்குள் வாங்குங்கள், டவுன் எல்லைக்கு வெளியே ஏக்கர் கணக்கில் இடம் வருகிறதே என்று ஆசைப்பட்டு வேண்டாம். பள்ளி கைவிட்டுப் போன ஊரில் வீட்டை விற்க ஆள் தேட வேண்டியிருக்கும். இணைப்பு எந்த வடிவத்தில் வந்தாலும் பிடிக்காவிட்டால் ஓபன் என்ரோல்மெண்ட் மூலம் வேறு டிஸ்ட்ரிக்ட்டுக்கு விண்ணப்பிக்கலாம், பிள்ளையைக் கொண்டுவிடும் பொறுப்பு மட்டும் உங்களுடையதாகிவிடும்.

சர்வேயில் ஆமாம், இல்லை கட்டங்களை விட, கீழே எழுத விட்டிருக்கும் காலி இடம்தான் முக்கியம். அதைத்தான் கன்சல்டண்ட்கள் கூட்டத்தில் வாசித்துக் காட்டுவார்கள். ஆறாம் வகுப்பு எந்த ஊரில், எங்கள் தெருவிலிருந்து பஸ் எத்தனை மணிக்குக் கிளம்பும், கால்குலஸும் பிசிக்ஸும் ஒவ்வொரு வருடமும் இருக்குமா என்று எழுதி அனுப்புங்கள். கீழே பெயரையும் போடுங்கள்.