ஃபேட்டி லிவர்: நடைப்பயிற்சியும் மூலிகை மாத்திரையும்

ஈரோட்டிலிருந்து ஒருவர்: ஸ்கேனில் கிரேடு 1 ஃபேட்டி லிவர், அதாவது கல்லீரலில் கொழுப்பு படிந்த ஆரம்ப நிலை. உயரம் 168 செ.மீ., எடை 68 கிலோ. குடிப்பழக்கம் இல்லை. எனக்கு எப்படி வந்தது டாக்டர்?

உங்கள் பி.எம்.ஐ. (உயரத்துக்கு ஏற்ற எடையா என்று பார்க்கும் கணக்கு) 24. ஆசியர்களுக்கு 23-ஐத் தாண்டினாலே அதிக எடைதான். கை கால் ஒல்லியாக இருந்து தொப்பை மட்டும் போடுகிற உடல்வாகு நம்மிடம் அதிகம். இடுப்பை அளந்து பாருங்கள். ஆண்களுக்கு 90 செ.மீ.க்குள் இருக்க வேண்டும். சர்க்கரை, கொலஸ்ட்ரால் பரிசோதனையும் செய்துவிடுங்கள்.

மூன்று மாதமாக நடக்கிறேன் மேடம், எடை இறங்கவே இல்லை. வீணா?

வீண் இல்லை. எடை அப்படியே இருந்தாலும் உடற்பயிற்சியால் கல்லீரல் கொழுப்பு குறையும். உழைக்கிற தசை ரத்தச் சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். இன்சுலினும் ஒழுங்காக வேலை செய்யும். ஆனால் எப்படி நடக்கிறீர்கள் என்பது முக்கியம். நடக்கும்போது பேச வரவேண்டும், பாட வரக்கூடாது. அந்த வேகத்தில் வாரம் 150 நிமிடம். வாரத்தில் இரண்டு நாள் கை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது, சுவரில் கை வைத்துத் தண்டால் எடுப்பது என்று சேர்த்துக்கொள்ளுங்கள். மூட்டுவலிக்காரர்களுக்கும் இது தோதுப்படும்.

எடையும் குறைந்தால் இரட்டை லாபம். 80 கிலோ ஆள் 4 கிலோ குறைத்தாலே கொழுப்பு கரையத் தொடங்கும். கல்லீரலில் விழுந்த தழும்பு (ஃபைப்ரோசிஸ்) குறைய 8 கிலோவாவது இறங்க வேண்டும். நடை முடிந்ததும் டீக்கடையில் இரண்டு வடை என்றால் கணக்கு நேராகிவிடும்!

கீழாநெல்லியை மோரில் அரைத்துக் குடிக்கச் சொல்கிறார் மாமியார். காமாலைக்கே கேட்கிறதாமே?

நம் ஊரில் பரவலாக வரும் வைரஸ் காமாலை பெரும்பாலும் சில வாரங்களில் தானாகவே சரியாகும். அந்தப் பெயர் கீழாநெல்லிக்குப் போய்விடுகிறது. ஃபேட்டி லிவர் அப்படித் தானாகப் போகிற நோய் இல்லை. மாமியார் மனம் கோணாமல் நடைக்கு அவரையும் கூட்டிப் போங்கள்.

மஞ்சள் காப்ஸ்யூல், மிளகுச் சத்து சேர்த்தது, வாங்கிவிட்டேன். சமையலில் போடுவதுதானே?

இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். மஞ்சள்தூளில் குர்குமின் என்ற சத்து ஏறக்குறைய 3 சதவீதம்தான். அரை ஸ்பூன் தூளில் 50 மில்லிகிராம்கூடத் தேறாது. காப்ஸ்யூலிலோ ஒன்றிலேயே 500 மில்லிகிராம் வரை அடைத்திருப்பார்கள். போதாததற்கு, மிளகிலுள்ள பைப்பரின் அதை ரத்தத்தில் பல மடங்கு ஏற்றிவிடும். இத்தாலியிலும் அமெரிக்காவிலும் இப்படிச் சாப்பிட்டுக் கல்லீரல் வீங்கியவர்கள் உண்டு. 2022-இல் இத்தாலி அரசு லேபிளில் எச்சரிக்கையே போடச் சொன்னது. எல்லோருக்கும் வராது, சில மரபணு உள்ளவர்களுக்கு ஆபத்து அதிகம். ஏற்கெனவே கல்லீரலில் கோளாறு உள்ள நீங்கள் எதற்கு அந்தச் சோதனை? நிறுத்திவிடுங்கள். சிறுநீர் அடர்நிறமாகப் போனாலோ, உடம்பு அரித்தாலோ, கண் மஞ்சளித்தாலோ அந்த டப்பாவையும் எடுத்துக்கொண்டு அன்றே மருத்துவரைப் பாருங்கள்.

கிரீன் டீ சாறு காப்ஸ்யூலுக்கும், சீந்தில் மாத்திரைக்கும் இதே பதில். ரசத்தில் போடும் மஞ்சளுக்குப் பயமே வேண்டாம்.

சிலிமரின் (மில்க் திஸில் என்ற மூலிகையின் சத்து) மாத்திரை டாக்டரே எழுதித் தந்தது. சாப்பிடலாமா?

பெரிய கெடுதல் இல்லை. எஸ்.ஜி.பி.டி. (கல்லீரல் பாதிப்பைக் காட்டும் ரத்தப் பரிசோதனை அளவு) கொஞ்சம் இறங்கலாம். கொழுப்பையும் தழும்பையும் கரைக்கும் என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை.

காபி?

தாராளமாக. காபி குடிப்பவர்களுக்குக் கல்லீரல் தழும்பு குறைவாக இருப்பதாகவே ஆய்வுகள் காட்டுகின்றன. சர்க்கரை மட்டும் வேண்டாம்.